மெலிபெட்டியா, வெறும்பெட்டியா?

விண்டோஸ் 10 என்னும் இயக்கமுறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் பொதுவாக அளித்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லு உள்ள கணினிகளையே ஏற்கும். நம் பள்ளிக் கணினி அறைகளில் தூசு துடைத்துத் துடைத்து நாம் காப்பாற்றி வந்த கணினிகளில் பல இந்தச் சோதனையில் தேறமாட்டா. ஆதலால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பள்ளி மேலாளர் வாரியத்திலும் ‘புதிதாக என்ன வாங்குவது?’ என்ற கேள்வி எழுந்திருக்கிறது. அங்கே வந்து சேரும் விற்பனையாளர் சொல்வது இது: “மாணவருக்கு ஒரு கணினி என்று வாங்காதீர்கள். ஒரே ஒரு பெரிய கணினியை வாங்கி ஓர் அறையில் வையுங்கள். மேசைதோறும் ஒரு சிறு பெட்டி போதும்.”

அந்தச் சிறு பெட்டியில் இருவகை உண்டு. ஒன்று தின் கிளையண்ட். மற்றொன்று ஜீரோ கிளையண்ட். ‘கிளையண்ட்’ என்ற சொல் வழக்கறிஞரிடம் செல்லும் கட்சிக்காரரையும் குறிப்பதாகும். இங்கே கட்சிக்காரர் மேசைமேல் இருக்கும் பெட்டி. அதற்காக உழைப்பது உள்ளறையில் இருக்கும் சர்வர். இவ்விரு பெயர்களையும் இக்கட்டுரையில் மெலிபெட்டி, வெறும்பெட்டி என்றே வழங்குவோம். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். இரண்டும் சோற்றுப் பெட்டியளவே பருமன்; இரண்டிலும் திரைக்கும் விசைப்பலகைக்கும் வலைக் கம்பிக்கும் துளைகள்; விலையிலும் சில வேளைகளில் பெரிய வேறுபாடு இராது. வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆன பின்னரே இவற்றின் வேறுபாடு வெளிப்படும். நன்கொடைப் பணத்தில் கணினி அறை அமையும் வாய்ப்பு ஒரு தோட்டப் பள்ளிக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை கிட்டினாலே அதிகம். எனவே கூட்டத்தில் கை தூக்குமுன் ஆசிரியர்கள் இதைச் சற்று விளங்கிக் கொள்வது நலம்.

முதலில் ‘மெய்நிகர் மேசை’ என்பது யாது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. லயத்து வீடுகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் விளக்கு. பின்னர் ஆலையடியில் ஓர் என்ஜினை வைத்துக் கம்பி இழுத்து எல்லா வீட்டுக்கும் மின்விளக்குக் கொடுத்தார்கள். திரி வெட்டும் வேலையும், கண்ணாடிக் கூண்டு துடைக்கும் வேலையும் வீட்டை விட்டுப் போயின. ஆனால் இரவில் என்ஜின் நின்றதும் லயம் முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. மெய்நிகர் மேசையும் இத்தகையதே. உள்ளறையில் உள்ள சர்வர், ஒரு மென்பொருளின் துணையால், தன்னை முப்பது கணினிகளாகப் பகுத்துக் கொள்கிறது. மாணவன் தட்டும் விசையும் நகர்த்தும் சுட்டியும் கம்பி வழியே அங்கே செல்கின்றன. அங்கே வரையப்பட்ட திரைக்காட்சி கம்பி வழியே இங்கே திரும்புகிறது. கணக்கு, கட்டுரை, கோப்பு யாவும் சர்வரிலேயே இருக்கும். இரவில் கள்வன் புகுந்து மேசைப் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் அவனுடன் போகாது.

இது புதிய எண்ணமன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999-இல் ‘சன் ரே’ என்றொரு பெட்டியை வெளியிட்டது. அதில் வட்டு இல்லை. நாம் அறிந்த இயக்கமுறையும் இல்லை. ஒருவர் தம் அட்டையைப் பெட்டியில் செருகினால் அவருடைய மேசை திரையில் தோன்றும். அட்டையை உருவிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்று அங்குள்ள பெட்டியில் செருகினால், விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இன்றுகூட வியக்கத்தக்க ஏற்பாடு அது. ஆயினும் 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது; 2014-இல் சன் ரே விற்பனை நின்றது. பெட்டிகள் பழுதுபடவில்லை. அவற்றோடு பேசும் சர்வர் மென்பொருளை வளர்ப்பார் இல்லாமற் போயினர். நாம் வாங்கப் போகும் பெட்டிக்கும் இந்தக் கதி நேருமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மெலிபெட்டி உண்மையில் ஒரு சிறு கணினிதான். அதற்குள் ஒரு செயலி, 4 அல்லது 8 ஜி.பி. நினைவகம், சிறிதளவு சேமிப்பிடம், லினக்ஸ் அல்லது விண்டோஸ் வகையைச் சேர்ந்த ஒரு மெல்லிய இயக்கமுறை ஆகியவை உண்டு. சர்வரோடு பேசும் மென்பொருள் அந்த இயக்கமுறையின்மேல் ஒரு செயலியாக அமர்ந்திருக்கும். வேறொரு சர்வரோடு பேச வேண்டுமானால் வேறொரு மென்பொருளை ஏற்றிக் கொள்ளலாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இயக்கமுறை இருக்கும் இடத்தில் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கும். யாராவது அவற்றை ஏற்ற வேண்டும். முப்பது பெட்டிகளுக்கும் ஓரிடத்திலிருந்து ஏற்றும் நிருவாக மென்பொருள் கிடைக்கிறது. எனினும் அதைக் கற்று இயக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? விண்டோஸ் வகையில், அன்றன்று நேர்ந்த மாற்றங்களைப் பெட்டி மறுபடி இயங்கும்போது மறந்துவிடும் ஏற்பாடும் உண்டு. மாலையில் பலகையைத் துடைத்துவிட்டுப் போவது போன்றது. பிள்ளைகள் எதைக் கலைத்தாலும் மறுநாள் பெட்டி புதிதாக எழும்.

வெறும்பெட்டியில் இந்த இயக்கமுறையே இல்லை. சர்வரின் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒரு தனிச் சில்லிலும், ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலிலும் செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கனடா நாட்டில் 2004-இல் தோன்றிய டெராடிசி நிறுவனத்தின் சில்லுகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் நுழைவுத் திரை வந்துவிடும். நச்சுநிரல் ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஃபர்ம்வேரை எப்போதாவது புதுப்பித்தால் போதும். கணினி அறையைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாத பள்ளிக்கு இதைவிட நல்லது வேறென்ன என்று தோன்றும். விற்பனையாளரும் இந்த இடத்தில்தான் பேச்சை நிறுத்துவார்.

நாம் நிறுத்தலாகாது. பெட்டிக்கும் சர்வருக்கும் இடையே நடப்பது ஒரு மொழி. மைக்ரோசாப்டின் மொழி ஆர்.டி.பி.; சிட்ரிக்சின் மொழி எச்.டி.எக்ஸ்.; டெராடிசியின் மொழி பி.சி.ஓ.ஐ.பி. இந்த மூன்றாவதை வி.எம்.வேர் நிறுவனம் தன் மெய்நிகர் மேசையில் 2009-இல் சேர்த்துக் கொண்டது. அதை நம்பி உலகெங்கும் அலுவலகங்கள் டெராடிசிச் சில்லு பொருந்திய வெறும்பெட்டிகளை வாங்கின. ஏழாண்டுகள் சென்றன. 2016-இல் அதே வி.எம்.வேர், ‘பிளாஸ்ட் எக்ஸ்ட்ரீம்’ என்று தனக்கே உரிய புதுமொழி ஒன்றைக் கொண்டுவந்தது. மெலிபெட்டி வைத்திருந்தவர்கள் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு புதுமொழியில் பேசத் தொடங்கினர். வெறும்பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. சில்லில் செதுக்கிய மொழியை மாற்ற முடியாது. பழைய மொழியும் உடனே கைவிடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குப்பின் 2021-இல் டெராடிசியை எச்.பி. நிறுவனம் வாங்கியது, 2023-இல் வி.எம்.வேரை பிராட்காம் வாங்கியது. 2024-இல் மெய்நிகர் மேசைப் பிரிவு மட்டும் தனியே விற்கப்பட்டு ஆம்னிசா என்ற பெயரில் இயங்குகிறது. பெட்டி மேசைமேல் அசையாமல் இருக்க, அதன் பின்னால் இருந்தவர்கள் அனைவரும் மாறிவிட்டார்கள். அண்மைக்கால உதாரணமும் ஒன்றுண்டு. மைக்ரோசாப்ட் 2025-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘விண்டோஸ் 365 லிங்க்’ என்ற சிறு பெட்டி, அந்நிறுவனத்தின் விண்டோஸ் 365 சேவைக்கு மட்டுமே திறக்கும் கதவாகும். அச்சேவைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திய பள்ளிக்கு அப்பெட்டியால் பயன் இராது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. சிறு லினக்ஸ் ஏறிய பெட்டியை ‘ஜீரோ’ என்று விற்போர் உளர்; விளம்பரத்தில் அப்பெயர் கவர்ச்சியாக இருக்கிறது போலும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, ‘இது எத்தனை மொழி பேசும்? நாளை இன்னொரு மொழி கற்க மென்பொருள் ஏற்ற முடியுமா? ஃபர்ம்வேர் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும்?’ என்று கேட்க வேண்டும். விடையை எழுத்தில் வாங்க வேண்டும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். தமிழாசிரியர்க்கு முதற் கவலை தமிழ்த் தட்டச்சு. இதில் மெய்நிகர் மேசை நமக்கு ஒரு நன்மை செய்கிறது. எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் முப்பது கணினிகளில் முப்பது முறை ஏற்ற வேண்டியதில்லை. சர்வரில் உள்ள மூலப்படியில் ஒருமுறை ஏற்றினால் போதும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆயினும், 1999-இல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தமிழ் 99 ஆயினும் அவ்வாறே. தமிழ் உள்ளீட்டைச் சர்வரில் மட்டும் வைத்து, பெட்டியில் ஆங்கில விசைப்பலகையையே விட்டுவிடுவது நல்லது. இரண்டு இடத்திலும் தமிழை வைத்தால் எழுத்து குழம்பும்.

தட்டச்சில் தாமதம் என்பது தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலான தொல்லை. ‘கொ’ என்பது இரண்டு விசையில் பிறக்கும் எழுத்து. தமிழ் 99-இல் முதல் விசைக்குக் ‘க’ தோன்றும். ‘ஒ’ விசையை அழுத்தியதும் அதுவே ‘கொ’வாக மாறும். சர்வர் அடுத்த அறையில் இருந்தால் போய்வரும் நேரம் கண்ணுக்குத் தெரியாது. அது தொலைவில் இருந்து, போய்வர ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகுமானால், பிள்ளை ‘க’ விசையை அழுத்திவிட்டுத் திரையைப் பார்க்கும். ஒன்றும் வராததைக் கண்டு இன்னொருமுறை அழுத்தும். தமிழ் 99-இல் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். திரையில் ‘க்க’ வந்து நிற்கும். பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை என்று நாம் சினப்போம். பிழை கம்பியில் இருக்கிறது. இது பெட்டியின் வகையைப் பொறுத்ததன்று. சர்வரை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காணொளியில் மட்டும் பெட்டியின் வகை பெரிதும் பேசும். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது ஜூம், டீம்ஸ் முதலியன நமக்குப் பழகிவிட்டன. இன்றும் பயிற்சிக் கூட்டங்கள் அவற்றில் நடக்கின்றன. மெய்நிகர் மேசையில் இவற்றை அப்படியே ஓட்டினால், ஆசிரியரின் முகம் முதலில் சர்வருக்குச் சென்று, அங்கே விரிக்கப்பட்டு, மறுபடி சுருக்கப்பட்டு வெளியே போகும். சர்வர் மூச்சு வாங்கும். இதைத் தவிர்க்க, அச்சேவைகள் துணை மென்பொருள் ஒன்றைத் தந்திருக்கின்றன. அது மேசைப் பெட்டியிலேயே அமர்ந்து, படத்தையும் குரலையும் சர்வரைச் சுற்றாமல் நேரே அனுப்பும். மெலிபெட்டியில் அதை ஏற்றலாம். வெறும்பெட்டியில் ஏற்ற இடமில்லை. கேமராவும் ஒலிவாங்கியும் வெறும்பெட்டியில் செருகத்தான் முடியும். ஆனால் அவற்றின் தரவு முழுவதும் கம்பியில் ஏறிச் சர்வருக்குப் போயாக வேண்டும்.

செலவுக் கணக்கில் பலர் பெட்டியின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தனி விண்டோஸ் 11 என்றால், அதன் குறைந்த அளவு நினைவகமே 4 ஜி.பி. முப்பது பேருக்கு 120 ஜி.பி.; சர்வரின் சொந்தத் தேவையும் சேர 128 நெருக்கும், 192 வேண்டியிருக்கும். காலை எட்டு மணிக்கு முப்பது பிள்ளைகளும் ஒருங்கே பொத்தானை அழுத்துவார்கள். சுழலும் வட்டு அந்த நெரிசலைத் தாங்காது, எஸ்.எஸ்.டி. தேவை. பெட்டியில் விண்டோஸ் இல்லாததால், சர்வரில் உள்ள விண்டோஸ் மேசையைத் திறக்க ‘வி.டி.ஏ.’ என்ற தனி உரிமத்துக்கு மைக்ரோசாப்டிடம் சந்தா கட்ட வேண்டியும் வரும். இதைச் சொல்லாமல் விலைப்பட்டியல் தருவோரை நான் கண்டிருக்கிறேன். எல்லா மாணவரும் ஒரே இயக்கமுறைக்குள் தனித்தனிக் கணக்கில் நுழையும் முறையும் உண்டு. அதில் நினைவகம் மிகக் குறைவாகவே செலவாகும். கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் அதுவே தாராளம்.

மின்சாரத்தில் பெருஞ்சேமிப்பு என்பதும் பாதி உண்மை. சாதாரணக் கணினி ஒன்று 60 வாட் என்று கொண்டால் முப்பதுக்கு 1,800 வாட். சிறுபெட்டி 15 வாட் என்றால் முப்பதுக்கு 450. சர்வருக்கு 400 சேர்த்தால் 850. பாதிக்கு மேல் மிச்சந்தான். ஆனால் சர்வர் அறைக்குக் குளிர்சாதனம் வைத்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

பள்ளிகளில் இம்முறை பேரளவில் நடந்த இடம் ஒன்றைக் காண்போம். இன்று வட மாசிடோனியா எனப்படும் நாடு, 2007-இல், பள்ளி மாணவர் அனைவருக்கும் கணினி என்று திட்டமிட்டது. 1,80,000 இருக்கைகள், அவற்றுள் 20,000 மட்டுமே முழுக் கணினிகள். எஞ்சியவை என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் சிறுபெட்டிகள். இயங்கியது உபுண்டு லினக்ஸ். ஒரு கணினியைச் சுற்றி ஏறக்குறைய ஒன்பது இருக்கைகள் என்றாகிறது. இதில் எனக்குப் பிடித்த கூறு ஒன்று உண்டு. பள்ளிக்கு ஒரு பெரிய என்ஜினை வைக்காமல், வரிசைக்கு ஒரு சிறு என்ஜினை வைத்தார்கள். ஒன்று நின்றால் ஒரு வரிசை இருளும், வகுப்பு நடக்கும். மின்தடையும் இடி மின்னலும் மிகுந்த நம் தோட்டப்புறங்களுக்கு இது கருதத்தக்க ஏற்பாடாகும். ஆயினும் அப்பெட்டிகளும் தம் நிறுவனத்தின் மென்பொருளோடு மட்டுமே பேசுபவை என்பதை மறக்கலாகாது.

என் முடிவைக் கேட்டால், நம் பள்ளிகளுக்கு மெலிபெட்டியே ஏற்றது என்பேன். வங்கி முகப்பிலும் மருத்துவமனைப் பதிவகத்திலும் வெறும்பெட்டி நன்றாக உழைக்கும். அங்கே வேலை மாறாது. சர்வரை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். பள்ளியின் நிலை வேறு. இந்த ஆண்டு ஒரு சேவை, மூன்றாண்டு கழித்து மற்றொன்று என்று மேலிருந்து மாறிக்கொண்டே இருக்கும். நம் கையில் உள்ள பெட்டி அதற்கேற்பப் புதுமொழி கற்க வேண்டும்.

அதைவிட முன்னதாக ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகள் செய்யும் வேலை முழுவதும் உலாவியிலேயே நடக்கிறதா? கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளமும் அதன் வகுப்பறைக் கருவிகளும் மட்டுமே போதுமென்றால், சர்வரும் வேண்டாம், மெய்நிகர் மேசையும் வேண்டாம். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளிலேயே, கூகுள் 2022-இல் வெளியிட்ட குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் ஏறலாம். எந்தெந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்னும் பட்டியலைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. நம் கணினி அதில் உள்ளதா என்று ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். மெய்நிகர் மேசையே தேவை என்றாலும், ஐஜெல் போன்ற நிறுவனங்களின் மென்பொருளைப் பழைய கணினியில் ஏற்றி அதையே மெலிபெட்டியாக்கிக் கொள்ளும் வழி இருக்கிறது. பெட்டிக்கென்று வைத்த வெள்ளியைச் சர்வருக்கும், அதற்கான மின்காப்புக் கருவிக்கும், உதிரியாக ஒரு சுவிட்சுக்கும் செலவிடலாம்.

வாங்குவதென்று முடிவானால், கையொப்பமிடுமுன் இரண்டு பெட்டிகளை இரண்டு வாரத்துக்குக் கடனாகக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். விற்பனையாளரின் கூடத்தில் பார்ப்பது போதாது. உங்கள் பள்ளிக் கம்பியில், உங்கள் அறையில் வைத்து, நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருவரைத் தமிழ் 99-இல் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பெட்டியில் ஒரு காணொளியை ஓடவிடுங்கள். இடையில் சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கி, மறுபடி செருகி, எழுதிய பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரின் தலைமைக் கடவுச்சொல் ஒப்பந்தக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அதை எழுதி உறையிலிட்டு, பள்ளி இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.